கிணற்றிலிருந்து கிளம்பிய பூதங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கணினி ஆட்டங்களில் வரும் புராணங்களைப் பற்றிய கேள்விகளில், 'வார்கிராஃப்ட்' உலகின் ஆதிப் போர் குறித்து வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்துக்கு நான் புதியவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு பாத்திரம் 'முன்னோர் போர்' என்று பெருமூச்சு விடுகிறது. அது யாருக்கும் யாருக்கும் நடந்த போர்? ஏன் மூண்டது?

பதில்: அசெரோத் என்னும் அந்தக் கற்பனை உலகில், மனிதர்களும் வேற்றுலக இனத்தாரான ஆர்க்குகளும் முதன்முதலாக மோதிக்கொள்வதற்கு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாகச் சொல்லப்படும் போர் அது. அப்போது நிலம் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கவில்லை. கலிம்டோர் என்ற ஒரே பெருங்கண்டம்தான் இருந்தது. அதன் நடுவில் இருந்தது நித்தியக் கிணறு. பெயர்தான் கிணறே தவிர, உண்மையில் அது ஒரு பேரேரி. உலகின் மந்திர ஆற்றல் முழுவதும் ஊறி நின்ற இடம். அதன் கரையில் குடியேறிய நைட் எல்ஃப் இனத்தார் அந்த நீரின் ஆற்றலைக் கற்று, கண்டம் முழுவதும் பரவிய பேரரசு ஒன்றைக் கட்டினார்கள். நாளடைவில், அரசி அஸ்ஷாராவும் அவளைச் சூழ்ந்திருந்த 'ஹைபோர்ன்' என்ற மேட்டுக்குடி மந்திரவாதிகளும் அந்த ஆற்றலை எதற்கு, எவ்வளவு என்ற கணக்கே இல்லாமல் இறைக்கத் தொடங்கினார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. இங்கே வெட்டக்கூடத் தேவைப்படவில்லை. இறைத்த ஓசையே போதுமாக இருந்தது. உலகங்களை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக்கொண்டு வந்த 'பர்னிங் லீஜன்' என்ற அசுரப் படையின் தலைவன் சார்கெராஸ், அண்டவெளியைத் தாண்டி வந்த அந்த மந்திர அதிர்வை உணர்ந்துகொண்டான். அரசியின் ஆலோசகனான சேவியஸ் முதலில் அவனுடைய வலையில் விழுந்தான். பின்னர் அரசியும் விழுந்தாள். அசுரர்கள் அண்டவெளியிலிருந்து வந்து சேர்வதற்கான மந்திர வாயில் அரண்மனைக்குள்ளேயே திறக்கப்பட்டது. வேட்டை நாய்களை நடத்தி வந்த ஹக்கார், மானரோத், ஆர்க்கிமாண்ட் என்று அசுரத் தளபதிகள் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். எதிர்த்து நின்றவர்கள் எஞ்சிய நைட் எல்ஃப் மக்களும், காட்டுத் தெய்வங்களும், டிராகன்களும், கடைசியில் அதுவரை கீழாக நடத்தப்பட்டு வந்த பிற இனத்தாரும்.

1994-இல் வெளிவந்த முதல் 'வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் இந்தப் போரைப் பற்றிப் பேச்சே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நைட் எல்ஃப் இனமே 2002-இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில்தான் அறிமுகமாகிறது; அந்த ஆட்டத்தோடு கொடுக்கப்பட்ட கையேட்டில்தான் இந்தப் பழங்கதையும் இடம்பெற்றது.

கேள்வி: அரசி அஸ்ஷாரா ஏமாற்றப்பட்டாளா, தெரிந்தே செய்தாளா?

பதில்: சார்கெராஸ் யார் என்பதில் அவள் தொடக்கத்தில் ஏமாந்திருக்கலாம், அவனை ஒரு கடவுள் என்றே அவளும் சேவியஸும் கருதினார்கள். ஆனால், அசுரர்கள் உள்ளே வந்த பிறகு நடந்தவற்றுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. தலைநகர் ஸின்-அஸ்ஷாரிக்கு அவள் பெயரையே சூட்டியிருந்தார்கள். அந்த நகரத்து மக்களை அரண்மனை வாசலில் தொடங்கித் தெருத் தெருவாக அசுரர்கள் வெட்டிச் சாய்த்தபோது, உள்ளே இருந்த அரசி தலையிடவில்லை. உலகம் தூய்மையாக்கப்படுகிறது என்றே அவள் எடுத்துக்கொண்டாள். வரப்போகும் கடவுளுக்குத் தானே தகுந்த துணைவி என்ற எண்ணமும் அவளுக்கு இருந்தது.

இதைவிடக் கொடுமையான இன்னொன்று உண்டு. எதிர்ப்புப் படையைத் திரட்டிய பிரபு ரேவன்க்ரெஸ்ட், அரசியை அவளுடைய ஆலோசகர்கள் சிறைப்பிடித்து வைத்திருப்பதாக நம்பினார். அவளை மீட்பதற்காகவே தம் வீரர்களைப் போருக்கு நடத்திச் சென்றார். யார் வாயிலைத் திறந்துவிட்டாளோ, அவளுக்காகவே அந்த வீரர்கள் செத்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் உறைத்த இடம் இதுதான். ஆர்க்கிமாண்டின் உருவத்தையும் நெருப்பையும் ஓவியர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக வரையலாம். இந்த அச்சத்துக்கு அவை ஈடாகமாட்டா.

கேள்வி: பிரபுக்கள் நிறைந்த படைக்குச் சாதாரணக் காவலர் ஒருவர் எப்படித் தலைவரானார்?

பதில்: ஜாரோட் ஷேடோசாங்கைக் கேட்கிறீர்கள். அவர் சுராமார் நகரத்துக் காவற்படையில் ஒரு தலைவர். பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். ரேவன்க்ரெஸ்ட் வஞ்சகமாகக் கொல்லப்பட்டதும், பொறுப்பு ஸ்டாரை என்ற பிரபுவிடம் போயிற்று. அவருக்கு உடை அலங்காரத்தில் இருந்த தேர்ச்சி போர்க்களத்தில் இல்லை. அவரும் களத்தில் விழுந்தபோது, சிதறி ஓடிய வீரர்களை நிறுத்தி அணிவகுக்கச் சொன்ன குரல் ஜாரோடுடையது, அவ்வளவுதான். அவரை யாரும் நியமிக்கவில்லை. டாரென், எர்தென், ஃபர்போல்க் முதலிய இனத்தாரைத் தோளோடு தோள் நிற்கவிட்டவரும் அவரே. பிரபுக்கள் அதைத் தங்கள் கௌரவத்துக்கு இழுக்காகக் கருதி வந்தார்கள்.

கேள்வி: ஆர்க்குகள் அசெரோத்துக்கு வந்தது பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் என்றால், இந்தப் போரில் ஓர் ஆர்க் வீரன் எப்படிச் சண்டையிடுகிறான்?

பதில்: கதை இரண்டு முறை எழுதப்பட்டதால் வந்த சிக்கல் இது. 2002-ஆம் ஆண்டுக் கையேட்டில் அப்படி யாரும் இல்லை. 2004, 2005 ஆண்டுகளில் மூன்று நாவல்களாக இதே போர் விரிவாகச் சொல்லப்பட்டபோது, பிற்காலத்தைச் சேர்ந்த மூவர் காலப் பிளவு ஒன்றில் சிக்கிப் பழங்காலத்துக்கு வந்து சேர்வதாகக் கதை மாற்றப்பட்டது: டிராகனான க்ராசஸ், மனித மந்திரவாதி ரோனின், ஆர்க் கிழவன் ப்ராக்ஸிகார். மரத்தால் செய்த மந்திரக் கோடரியோடு தன்னந்தனியாக வாயிலுக்குள் பாய்ந்து, சார்கெராஸின் காலிலேயே காயம் உண்டாக்கிவிட்டு மடிகிறான் ப்ராக்ஸிகார். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் காலப்பயணம் பிடிக்கவில்லை. தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ள வேண்டிய ஓர் இனத்தின் கதைக்குள் வெளியாட்களை ஏன் கொண்டுவர வேண்டும்?

கேள்வி: டிராகன்களின் தலைவர்களுள் ஒருவனான நெல்தாரியன் ஏன் சொந்தப் பக்கத்தையே தாக்கினான்?

பதில்: வேலியே பயிரை மேய்ந்த கதை இது. அசெரோத்தின் காவலுக்கென நியமிக்கப்பட்ட ஐந்து டிராகன் தலைவர்களுள் நிலத்துக்குப் பொறுப்பானவன் நெல்தாரியன். நிலத்தின் ஆழத்தில் சிறைப்பட்டிருந்த பழைய தீய தெய்வங்கள் அவனுடைய காதில் ஓதி ஓதி மனத்தைக் கெடுத்துவிட்டன. அசுரர்களை ஒரே அடியில் அழிக்கும் ஆயுதம் என்று சொல்லி, அவன் ஒரு பொன் வட்டைக் காட்டினான். அதில் நகாசு வேலையோ மணிகளோ கிடையாது; பார்ப்பவர் ஐயப்படுவதற்கு ஒன்றுமே இல்லாத வெறும் தகடு. மற்ற டிராகன்கள் எல்லாம் தங்கள் ஆற்றலில் ஒரு பங்கை அதற்குள் செலுத்தின. அவன் மட்டும் செலுத்தவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

போர்க்களத்தின் மேல் பறந்து வந்து அவன் அதைப் பயன்படுத்தியபோது அசுரர்களும் செத்தார்கள், நைட் எல்ஃப் வீரர்களும் செத்தார்கள். தடுக்க முன்வந்த, மற்றொரு டிராகன் தலைவனான மலிகோஸின் நீல டிராகன்கள் ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தன. மலிகோஸ் பித்துப்பிடித்தவனாய் நெடுங்காலம் ஒதுங்கிப்போனான். அந்த ஆற்றல் நெல்தாரியனின் உடலையும் உள்ளிருந்து பிளக்கத் தொடங்கியது. பிளவுகள் விரிந்துவிடாதபடி உலோகத் தகடுகளை அவன் தன் உடலோடு வைத்து அறையச் செய்துகொண்டான். 2010-இல் வெளிவந்த விரிவாக்கத்தில் 'டெத்விங்' என்ற பெயரோடு அவன் வரும்போது நீங்கள் காணும் தாடைக் கவசம் அலங்காரத்துக்காக மாட்டியதன்று.

கேள்வி: இல்லிடான் துரோகியா, தியாகியா? எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இதற்காகச் சண்டையே வந்துவிட்டது.

பதில்: சண்டை வந்ததில் வியப்பில்லை, கதையை எழுதியவர்களே இரு பக்கமும் பேசியிருக்கிறார்கள். இல்லிடானும் மால்ஃபூரியனும் இரட்டையர். பொன்னிறக் கண்களோடு பிறக்கும் குழந்தை பெரும்புகழ் பெறும் என்பது நைட் எல்ஃப் மக்களின் நம்பிக்கை. அத்தகைய கண்கள் வாய்த்தது இல்லிடானுக்கு. ஆனால் காட்டுத் தெய்வமான செனாரியஸிடம் பாடம் கேட்கப் போன இடத்தில் தேர்ச்சி பெற்றவன் மால்ஃபூரியன்; பெண்பூசாரி டிராண்டே மனம் கொடுத்ததும் அவனுக்கே. நம்பிக்கைக்கு அடையாளமாக இருந்த அந்தக் கண்களையே இல்லிடான் இழக்கிறான். அவன் அசுரர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சார்கெராஸ் அவற்றை எரித்துவிட்டு, மந்திரத்தை நேரடியாகக் காணும் வேறொரு பார்வையைக் கொடுத்தான். உளவறியப் போனானா, ஆற்றலுக்கு ஆசைப்பட்டுப் போனானா என்பதில்தான் வழக்கு. இரண்டும் அவனிடம் இருந்தன என்றே நான் படிக்கிறேன்.

போர் முடிந்த பிறகு அவன் செய்ததற்கு என்னால் வாதாட முடியவில்லை. நித்தியக் கிணறு அழிவதற்கு முன் அதன் நீரைச் சில குப்பிகளில் முகந்து வைத்திருந்தான். அவற்றுள் மூன்றை ஹைஜால் மலையுச்சி ஏரியில் ஊற்றி, இரண்டாவது நித்தியக் கிணற்றை உண்டாக்கிவிட்டான். எந்த நீரால் ஊரே அழிந்ததோ, அதை மறுபடியும் மலைமேல் கொண்டுவந்து வைத்தவனைத் தம்பி என்றும் பாராமல் மால்ஃபூரியன் நிலத்தடியில் அடைத்தான். காவலுக்கு நின்றவள் ஜாரோடின் அக்காள் மேயெவ். அசுரர்கள் மீண்டும் வந்தால் தேவைப்படும் என்பதே இல்லிடானின் வாதம். அசுரர்கள் மீண்டும் வந்ததும், அவர்களை எதிர்க்க 10,000 ஆண்டுகளுக்குப் பின் டிராண்டே அவனை விடுவித்ததும் உண்மைதான். உங்கள் நண்பர்கள் சண்டையைத் தொடரலாம்.

கேள்வி: வென்றார்கள் என்றால், கண்டம் ஏன் உடைந்தது?

பதில்: வாயிலுக்கு ஆற்றல் தந்தது கிணறு. சார்கெராஸ் உள்ளே நுழையும் தறுவாயில், அவனைத் தடுக்க வாயிலைக் குலைத்தபோது கிணறும் நிலைகுலைந்து தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. கலிம்டோரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு சிதறிப்போயிற்று என்கிறது அந்தக் கையேடு. கடல் உள்ளே பாய்ந்தது. எஞ்சிய துண்டுகளே இன்றைய கண்டங்கள். கிணறு இருந்த இடத்தில் இன்றும் ஒரு மாபெரும் நீர்ச்சுழல் சுழன்றுகொண்டிருக்கிறது. ஸின்-அஸ்ஷாரியோடு கடலுக்குள் போன அஸ்ஷாராவும் அவளுடைய கூட்டத்தாரும் பாம்புடல் கொண்ட நாகாக்களாக மாறினார்கள்; மூழ்கும் நேரத்திலும், கடலடியில் கிடந்த தீய தெய்வத்துடன் அவள் பேரம் பேசி அரசியாகவே எஞ்சினாள் என்கிறது பிற்காலத் தொடர்ச்சி. இரண்டாவது கிணற்றை டிராகன்கள் தூர்க்கவில்லை. அதன் மேல் நோர்ட்ராசில் என்ற உலக மரத்தை வளர்த்து, நைட் எல்ஃப் இனத்துக்குச் சாகாவரம் தந்து, அந்த மரத்துக்குக் காவலாக வைத்தன.

கேள்வி: இந்தப் போரை ஆட்டத்துக்குள் நேரில் காண வழி உண்டா?

பதில்: உண்டு. 2011-இன் இறுதியில் வந்த 4.3 பதிப்பில் 'வெல் ஆஃப் எடர்னிட்டி' என்ற களம் சேர்க்கப்பட்டது. டெத்விங்கைக் கொல்ல அந்தப் பொன் வட்டு தேவைப்படுவதால், காலம் கடந்து அஸ்ஷாராவின் அரண்மனைக்கே போகிறீர்கள். முற்றத்தில் உங்களை நிழலுக்குள் மறைத்து வழிநடத்துபவன் இல்லிடான். அரசியோடு மோதும்போது அவளுடைய மந்திரவாதிகளைத்தான் நீங்கள் வீழ்த்துகிறீர்கள். அவளை வீழ்த்த முடியாது. இடையில் அவள் எல்லோரையும் அடிபணிய வைக்கும் மந்திரத்தை ஓதத் தொடங்குவாள். உங்கள் குழுவில் ஒருவராவது அதை இடைமறிக்கவில்லை என்றால், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். தோற்றது அவளுடைய ஆட்கள்தான் என்பதுபோல, கடைசியில் அவள் நடந்து வெளியேறிவிடுகிறாள்.