விடியற்காலைத் தண்ணீர்

கேள்வி: நானும் கணவரும் அறிவியல் படித்தவர்கள். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன், அவர் பள்ளி ஆசிரியர். தண்டையார்பேட்டையில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். என் பங்குக்கு 60 லிட்டர் மீன் தொட்டி, அவர் பங்குக்கு மொட்டை மாடியில் டெலஸ்கோப், பொதுவில் ஒரு நாட்டு நாய். வானத்தின் பிரகாசமான நட்சத்திரம் என்று 'சிரியஸ்' எனப் பெயர் வைத்தோம், தெருவே அதை 'சீரியஸ்' என்று கூப்பிடுகிறது. அரையாண்டு லீவு விட்டதிலிருந்து அவர் இரவெல்லாம் மாடியில்தான். நான் காலை 6 மணிக்கே கிளம்புகிறவள், பேசிக்கொள்ளவே நேரமில்லை. 5 மணிக்கு இறங்கி வந்து, எனக்கு உதவியாக, தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் படுத்துவிடுவார். இதற்கிடையில் கப்பி மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி விழுந்து, பதினாறில் ஒன்பது செத்துவிட்டன. நாய் இருமுகிறது, ஸ்வெட்டர் போடு, அரை பாரசிட்டமால் கொடு என்கிறார் மாமியார். டெலஸ்கோப் தங்கள் வீட்டைப் பார்க்கத்தான் என்று எதிர்வீட்டில் பேசுகிறார்கள். எதை முதலில் சரிசெய்வது?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த மாத்திரையை எடுத்து உள்ளே வையுங்கள். மனிதர்களுக்கான பாரசிட்டமாலை டாக்டர் சொல்லாமல் நாய்க்குக் கொடுத்தால் ஈரல் கெட்டுவிடக்கூடும். பூனைக்கென்றால் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. அத்தையிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள், நான் டாக்டர் இல்லையென்றாலும். ஸ்வெட்டரும் வேண்டாம். நம்மூர் மார்கழி இரவு 20, 21 டிகிரி. நாயின் உடம்புச் சூடே 38, 39 டிகிரி, அதன் மேல் ரோமம் வேறு. அதற்குக் குளிர்வது தரைதான், டைல்ஸ் தரை. ஒரு கோணியை மடித்துப் போட்டால் போதும். இருமல் இரண்டு நாளில் நிற்காவிட்டால் வேப்பேரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான், மருத்துவமனையும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. போகியன்று விடிவதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தி நாயை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருப்பதால் புகை எழும்ப முடியாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும். நாயின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

இப்போது மீனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் நன்றியோடு எழுதியிருந்த வரிதான் என்னை உறுத்தியது: "எனக்கு உதவியாக."

5 மணிக்கு அவர் திறக்கிற குழாயில் வருவது மாடித் தொட்டித் தண்ணீர். மேகம் மூடிய இரவில் அந்தத் தொட்டி அவ்வளவாகக் குளிராது, மேகம் ஒரு போர்வை மாதிரி. வானம் துடைத்துவிட்டது போல இருக்கிற இரவில்தான் மாடியில் உள்ளதெல்லாம் தன் சூட்டை மேலே கதிர்த்துவிட்டுச் சில்லிட்டுப்போகும். அதாவது உங்கள் கணவர் விடிய விடிய நட்சத்திரம் பார்க்கிற அதே இரவுகளில்தான் அந்தத் தண்ணீர் மிகவும் குளிர்ந்து இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிற மீன் தொட்டி 26 டிகிரியில் இருந்தால், பாதித் தண்ணீரை 21 டிகிரியில் ஊற்றியதும் ஒரே நிமிடத்தில் இரண்டரை டிகிரி இறங்கிவிடும். கப்பி 22-லும் பிழைக்கும், 28-லும் பிழைக்கும். தினமும் இப்படித் தூக்கிப் போட்டால்தான் தாங்காது. உடம்பு சோர்ந்த மீன் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி சுலபமாக ஏறிக்கொள்ளும். குளோரின் சங்கதி வேறு இருக்கிறது. லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ, ஆன்டி குளோரின் சொட்டு விடாமல் ஊற்றினால் ஃபில்டரில் குடியிருக்கிற பாக்டீரியாவும் சாகும். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். ராயபுரத்தில் இருந்த காலத்தில் ஃபில்டர் ஸ்பாஞ்சை நான் குழாயடியில் பளிச்சென்று கழுவிப் பெருமைப்பட்டிருக்கிறேன். நாலாம் நாள் தொட்டி காலி.

செய்ய வேண்டியது: கடையில் 50 வாட் ஹீட்டர் ஒன்று, தானாக அணைகிற வகையில் வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக்கணக்கு, நம்மூர் குளிருக்கு 50 தாராளம். இரண்டு மூன்று நாளில் மெல்ல மெல்ல 29 டிகிரிக்கு ஏற்றுங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் ஆயுள்சுற்று வேகமாக ஓடும். வெள்ளைப் புள்ளிக்கென்று தொட்டியில் விடுகிற மருந்து அதைக் கொல்வது அது மீனை விட்டிறங்கித் தண்ணீரில் நீந்தும்போது மட்டுமே. அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், இன்னும் சில நாள் தொடருங்கள். தண்ணீருக்குள் கையை விடுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், இது மீனுக்கல்ல, உங்களுக்கு. அப்புறம் கொசு லிக்விட் எங்கே செருகியிருக்கிறீர்கள்? மழை முடிந்து நம் பக்கம் கொசு பிய்த்துத் தின்கிற காலம். அதில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கிற அறையில் லிக்விட்டும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். கொளத்தூரில் புது மீன் வாங்கினால் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்தபிறகுதான் தொட்டியில் விட வேண்டும்.

இதையெல்லாம் "நீங்கள்தான் கொன்றீர்கள்" என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் வாத்தியார். ஒரு தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, மூன்று நாள் 5 மணிக்குக் குழாய்த் தண்ணீரையும் மீன் தொட்டியையும் அளந்து எழுதச் சொல்லுங்கள், தண்ணீரை மாற்றாமல். நாலாம் நாள் அவரே வந்து சொல்வார். தண்ணீர் மாற்றுவதை ஞாயிறு மத்தியானத்துக்குத் தள்ளுங்கள், கால் பங்கு மட்டும், இரண்டு பேரும் சேர்ந்து. முதல் நாளே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிட்டால் சூடும் சமமாகிவிடும்.

எதிர்வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மார்கழியில் 5 மணிக்குப் பெண்கள் குனிந்து கோலம் போடுகிற நேரத்தில் எதிர் மாடியில் ஒரு ஆண் குழாயும் கையுமாக நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கண்ணாடி வைத்த வகை டெலஸ்கோப்பாக இருந்தால் அதில் எதிர்வீடு தலைகீழாகத்தான் தெரியும். ஆனால் இதை விளக்கமாகச் சொல்லப் போனால் "அப்போ பார்த்திருக்கிறாய்!" என்பார்கள். தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரை விட்டுக் கிழக்கே, காசிமேட்டுப் பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை, முடிந்தால் பாட்டியையும், வளர்பிறை அஷ்டமி அன்று மாலை 7 மணிக்கு அழைத்து நிலாவைக் காட்டுங்கள். பௌர்ணமி வேண்டாம், அன்று நிலா வெள்ளைத் தட்டு மாதிரி தட்டையாக இருக்கும். பாதி நிலாவில்தான் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் குழிகளின் நிழல் நீளமாக விழும்.

கடைசியாக, முகம் பார்க்க முடியாத கவலை. இதற்கு வானமே ஒத்தாசை செய்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் தினம் 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது, மாதத்துக்கு 2 மணி நேரம். மார்கழி பிறக்கும்போது நள்ளிரவில் உச்சிக்கு வருகிற ஓரியன், அதான் நம் திருவாதிரை இருக்கிற கூட்டம், பொங்கலுக்கு 10 மணிக்கும் மாசி பிறக்கும்போது 8 மணிக்கும் அதே இடத்துக்கு வந்துவிடும். அதோடு டிசம்பரில் மழை மேகம் பாதி ராத்திரியைத் தின்றுவிடும், தையில்தான் வானம் நிலையாகத் தெளியும். அவர் தூக்கத்தை விற்று வாங்குகிற அதே காட்சியை ஒரு மாதம் பொறுத்தால் சாப்பிட்டு முடித்த கையோடு இரண்டு பேரும் பார்க்கலாம். மாசிப் பிறப்பில் 9 மணிக்குத் தெற்கே திரும்புங்கள். கையை முழுக்க நீட்டிச் சாண் பிடித்தால், அடிவானத்துக்கு மேலே ஒன்றேகால் சாண் உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் நிற்கும், பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்தது. ஊர் விளக்கெல்லாம் மீறி அது தெரியும். நீங்கள் 10 மணிக்குத் தூங்கப் போகலாம், காலை 6 மணி வேலைக்கும் பழுதில்லை.

மிச்சமுள்ள ஏழு மீனில் பெண் எத்தனை என்று எழுதவில்லையே? கர்ப்பமாக ஒன்று இருந்தாலும் போதும், அகத்தியரைப் பார்க்கப் போகிற அன்றைக்குத் தொட்டியில் குட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்.