பாசிவ் வாய்ஸ்: பிள்ளைகள் ஏற்கெனவே பேசும் தமிழிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கம்பம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆக்டிவ், பாசிவ் (செய்வினை, செயப்பாட்டுவினை) பாடத்தை அட்டவணை போட்டு நடத்தி, நிறையப் பயிற்சியும் கொடுக்கிறேன். கொடுத்த வாக்கியத்தைப் பிள்ளைகள் சரியாக மாற்றிவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால் மட்டும் பாசிவ் வருவதே இல்லை. வந்தாலும் 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்', 'மை கிராண்ட்ஃபாதர் வாஸ் டைட்' என்று வருகிறது. எங்கே பிசகுகிறது? இங்கிலீஷ் வகுப்பில் தமிழில் விளக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக விளக்கலாம். இந்தப் பாடத்துக்குத் தமிழ் கட்டாயம் வேண்டும் என்றே சொல்வேன். உங்கள் பிள்ளைகள் பாசிவின் வேலையைத் தமிழில் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள். அது அவர்களுக்கும் தெரியாது, பல நேரம் நமக்கும் தெரியாது. அதனால்தான் ஏதோ புதுச் சரக்கு போல அட்டவணையில் தொடங்குகிறோம்.

அட்டவணையை நான் குறை சொல்லவில்லை. 'ராமு ஏட் எ மேங்கோ' என்பதை 'எ மேங்கோ வாஸ் ஈட்டன் பை ராமு' என்று மாற்ற அது நன்றாகவே உதவும். ஆனால் நிஜ வாழ்க்கையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? பையன் மாம்பழம் தின்றதைச் சொல்ல எந்த ஆங்கிலேயரும் அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தேடிப் போகமாட்டார். அப்படி மாற்றி மாற்றிப் பழகும் பிள்ளையின் மனதில், பாசிவ் என்றால் ஒரு நல்ல வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டும் கணக்கு என்று பதிந்துவிடுகிறது. கணக்குக் கொடுத்தால் போடுவான். கொடுக்காத இடத்தில் அவனாக எதற்குப் போடப்போகிறான்?

சரி, வேறு எங்கே தொடங்குவது? வழக்கமாக 'செய்யப்பட்டது' என்ற தமிழ் வடிவத்தைக் காட்டி, 'வாஸ் டன்' என்றால் இதுதான் என்போம். அந்த வடிவம் செய்தித்தாளிலும் அரசு அறிவிப்பிலும் வாழ்கிறது. 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்ற போர்டில் இருக்கிறது. பதினாலு வயதுப் பிள்ளையின் வாயில் இல்லை. எந்தப் பையனும் அம்மாவிடம் வந்து 'என் சைக்கிள் திருடப்பட்டது' என்று சொல்வதில்லை. 'என் சைக்கிளைத் திருடிட்டாங்கம்மா' என்றுதான் சொல்வான்.

அந்தத் 'திருடிட்டாங்க' என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். யார் அந்த 'ஆங்க'? அவனுக்குத் தெரியாது. ஒருவனாகக்கூட இருக்கலாம். அவனுக்கு முக்கியம் சைக்கிள். ஆங்கிலத்தில் இதற்கு 'மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்' என்று நிற்கும். 'பரீட்சையைத் தள்ளி வச்சுட்டாங்க', 'கரண்ட்டை நிறுத்திட்டாங்க', 'ரோடு போட்டுட்டு இருக்காங்க' எல்லாம் இதே ரகம். கடைசியில் சொன்னதை 'தி ரோடு இஸ் பீயிங் லெய்ட்' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால், இவ்வளவு நாள் யாருக்கும் பிடிபடாத அந்த 'பீயிங்' என்ன வேலை செய்கிறது என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

இன்னும் இரண்டு வடிவங்கள் கைவசம் இருக்கின்றன. ஒன்று 'இருக்கு'. 'கேட் பூட்டியிருக்கு', 'போர்டுல எழுதியிருக்கு'. இதற்கு 'தி கேட் இஸ் லாக்ட்', 'இட் இஸ் ரிட்டன் ஆன் தி போர்டு'. மற்றொன்று 'ஆச்சு'. 'ஃபீஸ் கட்டியாச்சு', 'லெட்டர் அனுப்பியாச்சு'. இதற்கு 'தி ஃபீஸ் ஹேவ் பீன் பெய்ட்', 'தி லெட்டர் ஹாஸ் பீன் சென்ட்'. 'ஹாஸ் பீன்' என்பதை விதியாகச் சொன்னபோது முழித்த பிள்ளைகள் 'ஆச்சு' என்றதும் நிமிர்ந்து உட்காருவதை நான் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'வந்தாச்சு', 'சாப்பிட்டாச்சு' என்றும் சொல்கிறோம். அவை 'ஹாஸ் கம்', 'ஹேவ் ஈட்டன்' என்று ஆக்டிவாகவே நிற்கும். ஏன் என்று கீழே வருகிறேன்.

இது ஒன்றும் கொச்சைத் தமிழின் குறுக்குவழி இல்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லுவதும் வழக்கில் உள்ள மரபுதான் என்று தொல்காப்பியமே சொல்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளுமா? யாரோ மெழுகினார்கள், பேச்சு திண்ணையைப் பற்றியது, அதனால் அவரைச் சொல்லவில்லை. இன்றைக்கு 'திண்ணை மெழுகியாச்சு' என்கிறோம். பள்ளித் தமிழாசிரியரிடம் ஒரு பத்து நிமிடம் கேட்டு, உங்கள் வகுப்பில் வந்து இதைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மொழி ஆசிரியர்கள் ஒரே கரும்பலகையில் நிற்பதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.

அடுத்தது, உங்களை வாட்டும் 'வாஸ் ஹேப்பன்ட்'. இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'கண்ணாடி உடைஞ்சது', 'கண்ணாடியை உடைச்சுட்டாங்க' என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். 'நான் உடைக்கலை, அதுவா உடைஞ்சது' என்று அழுதுகொண்டே வாதாடுமே! முதலாவது தானாக நடந்தது, இரண்டாவது யாரோ செய்தது. ஆங்கிலத்தில் தானாக நடந்ததற்கு 'தி கிளாஸ் ப்ரோக்'. யாரோ செய்ததற்கு 'தி கிளாஸ் வாஸ் ப்ரோக்கன்'. நடப்பது, இறப்பது, வருவது, விழுவது, மறைவது எல்லாம் முதல் பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றை யாரும் ஒரு பொருளின் மேல் செய்வதில்லை. தமிழ் இலக்கண வகுப்பில் செயப்படுபொருள் குன்றிய வினை என்று படித்தது இதைத்தான். அதனால் விபத்து 'ஹேப்பன்ட்', தாத்தா 'டைட்', அவ்வளவுதான். நடுவில் 'வாஸ்' வேண்டாம். 'வந்தாச்சு' பாசிவ் ஆகாததற்கும் இதுவே காரணம். 'சாப்பிட்டாச்சு' என்பதில் பேச்சு சாப்பிட்டவரைப் பற்றியது, சாப்பாட்டைப் பற்றியது அல்ல. ஆகவே அதுவும் ஆக்டிவ்.

இதை மனதில் ஊன்ற நான் எப்போதும் எடுத்துக்கொள்வது இட்லி. 'இட்லி எப்படிச் செய்வது?' என்று ஆளைச் சொல்லாமல் எழுதச் சொல்வேன். அரிசியும் உளுந்தும் ஊற வைக்கப்படுகின்றன: 'ஆர் சோக்ட்'. தனித்தனியாக அரைக்கப்படுகின்றன: 'ஆர் கிரவுண்ட்'. உப்பு சேர்க்கப்படுகிறது: 'இஸ் ஆடட்'. மாவு ராத்திரி முழுக்க அப்படியே வைக்கப்படுகிறது: 'இஸ் லெஃப்ட் ஓவர்நைட்'. இதுவரை ஒரே ஓட்டமாக வந்த பிள்ளைகள் அடுத்த வரியில் 'தி பேட்டர் இஸ் ரிசன்' என்று எழுதுவார்கள். அங்கே நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: 'மாவை யாராவது பொங்க வச்சாங்களா, தானா பொங்குச்சா?' வகுப்பு முழுக்க 'தானா!' என்று கத்தும். அப்படியென்றால் 'தி பேட்டர் ரைசஸ்'. அப்புறம் மறுபடியும் நம் கை வருகிறது: தட்டில் 'இஸ் போர்ட்', ஆவியில் 'ஆர் ஸ்டீம்ட்'. ஆறு பாசிவுக்கு நடுவே ஓர் ஆக்டிவ். அந்த ஒரு வரி எத்தனையோ பக்கப் பயிற்சிக்குச் சமம். அன்றிலிருந்து நோட்டில் 'வாஸ் ஹேப்பன்ட்' பார்த்தால் நான் சிவப்புப் பேனாவில் திருத்துவதில்லை, ஓரத்தில் 'தானா?' என்று மட்டும் எழுதுகிறேன். அவர்களே அடித்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

'படு' என்ற சொல் வைக்கும் ஒரு பொறியையும் கவனியுங்கள். வருத்தப்பட்டேன், ஆசைப்பட்டேன், கஷ்டப்பட்டேன் என்பவற்றில் 'பட்டேன்' இருப்பதால் பாசிவ் என்று நினைத்து 'ஐ வாஸ் வாண்டட்', 'ஐ வாஸ் சஃபர்ட்' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இங்கே 'படு' என்பது அனுபவிப்பதைக் குறிக்கிறது. 'செய்யப்பட்டது' வழியாக மட்டும் பாசிவைச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் இந்தத் தவறு வரத்தான் செய்யும். பிறப்பு இதற்கு நேர் எதிர். தமிழில் நான்தான் பிறந்தேன். ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் பார்ன்'. அம்மா பெற்றெடுத்தார், நான் பெற்றெடுக்கப்பட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், 'ஐ ஆம் பார்ன்', 'ஐ பார்ன்' இரண்டும் நின்றுவிடும்.

'ராமுவால்' என்பதில் வரும் 'ஆல்' போல, செய்தவரைச் சொல்லும் 'பை' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். இதைக் கடைசி வாரம்வரை கரும்பலகைப் பக்கமே விடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதப்படும் பாசிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் 'பை' கிடையவே கிடையாது. யார் செய்தது என்பது தெரியாது, தெரிந்தாலும் தேவையில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை. அதற்காகத்தானே பாசிவ்! வீட்டிலிருக்கும் போனே போதுமான சான்று. 'யுவர் அக்கவுன்ட் ஹாஸ் பீன் கிரெடிட்டட்' என்று பேங்க் மெசேஜ் வருகிறது. போட்டது யார் என்று அந்த வரியில் இல்லை. 'ஸ்விட்ச்ட் ஆஃப்' என்ற குரலைக் கேட்காத பிள்ளை உண்டா? ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்' என்பார்கள். வருந்துவது யார்? சொல்லவில்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, மெசேஜ், பிஸ்கட் பாக்கெட், மருந்து அட்டை, பஸ் ஸ்டாண்டு போர்டு என்று எங்கே கண்டாலும் நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மெசேஜில் பணத்தொகையும் எண்களும் வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாக்கெட்டில் 'மேட் இன் இந்தியா' என்று 'இஸ்' இல்லாமல் இருக்கும். இடம் போதாததால் விட்டிருக்கிறார்கள், நோட்டில் எழுதும்போது சேர்க்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அப்படியானால் 'பை' எப்போது வேண்டும்? உங்கள் ஊருக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கும் கிடைக்காது. உங்கள் பள்ளத்தாக்கில் பென்னிகுக் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். ஒரு பத்தி முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி: 'தி டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1895. இட் வாஸ் பில்ட் பை ஜான் பென்னிகுக்.' இன்னொரு பத்தி பென்னிகுக்கைப் பற்றி: 'பென்னிகுக் வாஸ் அன் இன்ஜினியர். ஹி பில்ட் தி டேம்.' இரண்டிலும் செய்தி ஒன்றுதான். முதலாவதில் பேச்சு அணையில் தொடங்கி அணையிலேயே போகிறது. கட்டியவர் பெயர் புதுச் செய்தியாகக் கடைசியில் வருகிறது, அதற்குத்தான் 'பை'. இரண்டாவது ஆளைப் பற்றியது, அங்கே பாசிவைப் புகுத்தினால் பேச்சு முறியும். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு அணை, மறு பக்கத்துக்கு ஆள் என்று ஐந்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு நோட்டை மாற்றிக்கொண்டு படிக்கட்டும். எப்போது ஆக்டிவ், எப்போது பாசிவ் என்று நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே வராது.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று இருக்கிறது, அங்கேதான் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். 'எனக்குப் பரிசு கொடுத்தாங்க' என்பது ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் கிவன் எ பிரைஸ்' ஆகும். தமிழில் 'நான் பரிசு கொடுக்கப்பட்டேன்' என்று சொல்லவே முடியாது. அதனால் பிள்ளைகள் 'டு மீ எ பிரைஸ் வாஸ் கிவன்' என்று சுற்றி வளைக்கிறார்கள். 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்கலாம் என்று சொல்லி, 'ஐ வாஸ் கிவன்', 'ஐ வாஸ் டோல்ட்', 'ஐ வாஸ் பெய்ட்' என்ற மூன்றை மட்டும் வாய்மொழியாகத் தினமும் சொல்லவைத்தால் போதும். நாளைக்கு வேலைக்கான நேர்காணலில் உட்காரும்போது இந்த மூன்றும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஈட், ஏட், ஈட்டன் என்பதில் 'ஈட்டன்' போன்ற, வினைகளின் மூன்றாம் வடிவங்களை மொத்தப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். பாசிவில் அடிக்கடி வரும் இருபது வினைகள் போதும்: மேட், கிவன், டேக்கன், ரிட்டன், பில்ட், சென்ட், பெய்ட், ஸ்டோலன், லாக்ட், கேன்சல்ட் மாதிரி.

தேர்வுக்கும் தயார் செய்யத்தானே வேண்டும். மாற்றி எழுதும் பயிற்சியைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'யாரைப் பற்றிய பேச்சு?' என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அட்டவணை அப்போது சீக்கிரம் பிடிபடும். அந்த நேரத்தில் அவர்கள் மார்க்கை இழப்பது பெரும்பாலும் 'இஸ்', 'வாஸ்' இரண்டில் எது என்று தேர்ந்தெடுப்பதிலும், ஒருமை பன்மை மாறும்போது 'வாஸ்' 'வேர்' ஆகாமல் நிற்பதிலும்தான். ஆகவே விடையை எழுதியதும் எழுவாய்க்கும் துணைவினைக்கும் கீழே ஒரு கோடு போட்டு, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லுங்கள்.