பிரமிடைச் சுவரில் மாட்டும் முன்

கே: தம்பி கெய்ரோ போனபோது எடுத்த பிரமிடு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போனில் பளிச்சென்று இருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடியில் மெட்டல் பிரிண்ட் (அலுமினியத் தகட்டில் அச்சிடும் படம்) போடலாமா?

ப: போன் திரையை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 44 பிக்சல்தான் கிடைக்கும். கல் அடுக்குகள் கரைந்து பிரமிடு மணல்மேடாகத் தெரியும். கேன்வாஸ் என்றால் துணியின் நெசவு இந்தக் குறையை ஓரளவு மூடிவிடும்; வழவழப்பான அலுமினியத்தில் எதுவும் மறையாது. ஒரிஜினலை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 150 பிக்சலாவது வேண்டும். மூன்றுக்கு இரண்டடி என்றால் 5400 × 3600, ஏறக்குறைய 20 மெகாபிக்சல். தம்பியின் போன் 12 மெகாபிக்சல்தானா? 24 × 16 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னதாக இருந்தாலும் துல்லியமாக இருக்கும்.

கே: எகிப்தின் அபு சிம்பெல் கோயில் படத்துக்கு ‘ஒயிட் பேஸா, சில்வர் பேஸா’ என்று கடையில் கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

ப: ஒயிட். காரணம் தெரிய வேண்டுமென்றால் செய்முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தை இடவலம் மாற்றி ஒரு தாளில் அச்சிடுவார்கள். அந்தத் தாளை, பூச்சு கொடுத்த அலுமினியத் தகட்டின்மேல் வைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். இதைத்தான் சப்ளிமேஷன் என்கிறார்கள். இதில் வெள்ளை மை கிடையாது. ஒயிட் பேஸில் அடியிலிருக்கும் வெண்பூச்சே படத்தின் வெள்ளை. சில்வர் பேஸின் பூச்சில் ஒளி ஊடுருவும். அதனால் படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உலோகம்தான் தெரியும். அபு சிம்பெல்லின் முகப்பு கிழக்கு பார்த்தது. காலை வெயிலில் மஞ்சளாக ஒளிரும் அந்த மணற்கல், சில்வரில் பித்தளைப் பாத்திர நிறத்துக்குப் போய்விடும். வானமும் மங்கிவிடும். விளக்கொளியில் எடுத்த கார்னாக் கோயில் தூண்கள், அஸ்தமனத்தில் நிழலுருவாக நிற்கும் பிரமிடு போன்ற, கருமை மிகுந்த படங்களுக்கு சில்வரைக் கேளுங்கள். அங்கே அது பிரமாதம்.

எதிரே ஜன்னல் இருந்தால் மேட் (பளபளப்பில்லாத) பூச்சு. பளபளக்கும் ‘கிளாஸி’ பூச்சில், சிலையிலுள்ள மன்னன் ராம்சேஸ் முகத்துக்குப் பதிலாக உங்கள் திரைச்சீலைதான் தெரியும்.

கே: பிரிண்ட் வந்துவிட்டது. ஆனால் எங்கேயோ பார்த்த படம் மாதிரி இல்லை, ஏதோ இடிக்கிறது.

ப: இடவலம் மாறியிருக்கலாம். மேலே சொன்ன திருப்பலை டிசைன் செய்பவர் ஒருமுறை செய்து, பிரிண்டர் செட்டிங்கிலும் ‘மிரர்’ போட்டிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, தகட்டில் படம் தலைகீழாக அல்ல, இடவலமாகப் புரண்டு விழும். அபு சிம்பெல் முகப்பை எதிரே நின்று பாருங்கள்: நான்கு சிலைகளில் இடமிருந்து இரண்டாவதுதான் உடைந்தது, அதன் தலையும் மார்பும் காலடியில் கிடக்கும். உங்கள் தகட்டில் வலமிருந்து இரண்டாவது உடைந்திருந்தால் தவறு கடையுடையது, மாற்றிக் கேளுங்கள். லக்சர் கோயில் வாசல் படமென்றால், ஒற்றைக் கல்தூபி (ஒபெலிஸ்க்) இடப்பக்கம் நிற்க வேண்டும். வலப்பக்கத்து ஜோடி 1836 முதல் பாரிஸில் நிற்கிறது. சித்திர எழுத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எகிப்தியர்கள் அதை இரு திசையிலும் எழுதினார்கள். பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ, அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

கே: கீசாவின் பெரிய பிரமிடான கூஃபு பிரமிடை மூன்று பலகையாகப் பிரித்து மாட்டினோம். சரிவுக் கோடு பலகைக்குப் பலகை படிக்கட்டு மாதிரி துள்ளுகிறது. ஏன்?

ப: இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் வெட்டியிருக்கிறார்கள். கூஃபு பிரமிடின் சரிவு சுமார் 52 டிகிரி. பலகைகளுக்கு நடுவே 3 செ.மீ. விட்டால் அந்த இடத்தில் கோடு 3.8 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். படத்தை ஒட்டுக்கு ஒட்டாக வெட்டியதால் அது ஏறவே இல்லை. சுவரில் எவ்வளவு இடைவெளியோ, அந்த அகலப் பட்டையைப் படத்திலிருந்து கழித்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பிரமிடு நிற்பதாக நினைத்துக்கொண்டால் புரியும். இன்னொன்று: உச்சி எந்த இடைவெளியிலும் விழக் கூடாது. அது நடுப் பலகைக்குள் இருக்கட்டும். மாட்டிவிட்ட பலகைகளைச் சரிசெய்ய வழியில்லை. மறுபடி அச்சிடத்தான் வேண்டும். இடைவெளியே இல்லாமல் ஒட்டி மாட்டிவிடலாம் என்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் அப்போது எதற்கு மூன்று பலகை?

கே: வீடு கடலுக்குப் பக்கம். தகடு துருப்பிடிக்குமா? எப்படி மாட்டுவது?

ப: அலுமினியம் இரும்பு போலத் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சு விட்டுப்போன இடத்தில் உப்புக்காற்று பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். நான்கு மூலையிலும் துளையிட்டு ஸ்குரூ வைக்கும் முறையில் துளை விளிம்பு திறந்தே இருக்கும் என்பதால் உங்களுக்கு அது வேண்டாம். பின்பக்கம் சட்டம் ஒட்டிய வகையை வாங்குங்கள். அது சுவரைவிட்டு அரை அங்குலம் தள்ளி நிற்பது, சுவர் ஈரத்துக்கும் நல்லது.

60 × 90 செ.மீ., 1.1 மி.மீ. தகடு 1.6 கிலோதான். டபுள் டேப் போதுமென்று சொல்வார்கள். டேப் தாங்கும், சுவர் பெயின்ட் தாங்காது. 6 மி.மீ. பிட்டால் இரண்டு துளை போட்டு, பிளக் அடித்து ஸ்குரூ போடுங்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.; சோபாவுக்கு மேலென்றால் சாய்மானத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. விடுங்கள். மாட்டும்போது மூலை தரையில் இடித்தால் மடங்கிவிடும், நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும். நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

கே: பழைய காலத்து எகிப்துப் படங்களை அச்சிட அனுமதி வேண்டுமா?

ப: 1850களில் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் பிரான்சிஸ் ஃபிரித் எடுத்தவை போன்ற படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் காப்புரிமை இல்லாத படங்களை 2017 முதல் இலவசமாகத் தருகிறது. ஸ்பிங்ஸ் மணலில் புதைந்திருக்கும் காட்சி இந்தப் பழைய படங்களில்தான் கிடைக்கும். ஒயிட் பேஸ், மேட். பழுப்பு நிறத்தை ‘கரெக்ட்’ செய்கிறேன் என்று கடைக்காரர் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

கே: துடைப்பது?

ப: மைக்ரோஃபைபர் துணி, இரண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர். மெட்டல்தானே என்று பித்தளை பாலிஷ் எடுத்து யாரும் தேய்த்துவிடாமல் வீட்டில் சொல்லிவையுங்கள்.