ஃபாஸ்டர் வீட்டில் சமத்து, நம் வீட்டில் எப்படி?

கேள்வி: அடிபட்டுக் கிடந்த ஒரு நாய்க்குட்டியை மீட்டு, மூன்று மாதமாக ஒருவர் தன் வீட்டில் ஃபாஸ்டராக, அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக, வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இப்போது அதற்கு எட்டு மாதம். யார் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு மடியில் ஏறிவிடுகிறது. அந்த வீட்டில் இன்னும் இரண்டு நாய்கள் உண்டு. எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இதைத் தத்தெடுக்கலாமா? என்னவெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில்: எடுக்கலாம். ஆனால் மடியில் ஏறியதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் பார்த்தது விருந்தாளி வந்த நேரத்து நாய். விருந்தாளி போனபிறகு அது எப்படி இருக்கிறது என்பது ஃபாஸ்டருக்குத்தான் தெரியும். காப்பகத்துக் கூண்டில் இருக்கும் நாயைப் பற்றி இப்படிச் சொல்ல ஆள் இருக்காது. இங்கே மூன்று மாதம் அதோடு குடித்தனம் நடத்தியவரே இருக்கிறார், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

“நல்ல நாயா?” என்று கேட்டால் “தங்கம்” என்றுதான் பதில் வரும். போன வாரம் எதற்காக அதை அதட்டினீர்கள் என்று கேளுங்கள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனால் என்ன செய்கிறது? எதைக் கண்டால் ஒளிகிறது? இதுவரை அதிகபட்சம் எவ்வளவு நேரம் தனியாக விட்டிருக்கிறீர்கள்? அது முழுத் தனிமையா, இல்லை மற்ற இரண்டு நாய்களும் கூட இருந்தனவா?

உங்கள் வீட்டுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். எந்நேரமும் இரண்டு நாய்களோடு இருந்த குட்டிக்கு, பூட்டிய வீட்டின் அமைதி புதிது. ஊளையிடும், கதவைப் பிறாண்டும், கிடைத்ததைக் கடித்துக் குதறும். அது சேட்டையில்லை, பயம். புது நாய் வந்ததும் பலர் ஒரு வாரம் லீவு போட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் திங்கட்கிழமை காலையில் எட்டு மணி நேரத்துக்குப் பூட்டிவிட்டுப் போவார்கள். லீவு போடுங்கள், ஆனால் அந்த நாட்களை நாய் தனியே இருந்து பழகச் செலவிடுங்கள். சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, ஒரு நிமிடத்தில் திரும்பி வாருங்கள். பிறகு ஐந்து நிமிடம், கால் மணி நேரம் என்று கூட்டுங்கள். நாய் கலங்கினால் ஒரு படி இறங்குங்கள். இது பழக ஒரு வாரம் போதாமலும் போகலாம். வேலைக்குத் திரும்பிய பிறகும் நடுப்பகலில் யாராவது வந்து வெளியே கூட்டிப்போக ஏற்பாடு வேண்டும். அதற்கு வழியே இல்லை என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது மகள். வால் ஆடுவதெல்லாம் சந்தோஷம் இல்லை. உடல் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடினால் சரி. உடல் விறைத்து வால் நுனி மட்டும் ஆடினால் எச்சரிக்கை. தலையைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் “போதும்” என்பதற்கான நாய் மொழி. மகளுக்கு ஒரு சின்ன விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள்: மூன்று எண்ணும்வரை மார்பில் தடவு, கையை எடு, காத்திரு. நாய் தானே நெருங்கி வந்தால் தொடரலாம். அப்படியே நின்றால் விட்டுவிட வேண்டும். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடவே கூடாது. பெரியவர்கள் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.

எட்டு மாதம் என்பது விடலைப் பருவம். நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் “உட்கார்” என்றதும் கேட்ட நாய்கள், எட்டு மாதத்தில் அவ்வளவாகக் கேட்கவில்லை. அன்னியர் சொன்னால் அந்த முரண்டு இல்லை! ஆகவே வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதத்தில் அது உங்களை மதிக்காதது போல் நடந்தால், தவறான நாயை எடுத்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

உடல்நலத்தில் வாய்ச்சொல் போதாது. பார்வோ, டிஸ்டெம்பர் (இரண்டும் நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்கள்), ரேபீஸ் தடுப்பூசிகள் போட்ட தேதியோடு அட்டை வேண்டும். குடற்புழு மருந்து, கருத்தடை விவரங்களையும் கேளுங்கள். அடிபட்ட நாய் என்பதால் எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்பும் வாங்கி உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய வலி இருக்கும் இடத்தில் குழந்தை கட்டிப்பிடித்தால், சாதுவான நாயும் வாயை வைத்துவிடும். கொசுவால் பரவும் இதயப்புழு உள்ள பகுதி என்றால், இப்போது “இல்லை” என்று வந்த பரிசோதனையை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். தொற்றிய பிறகு அது சோதனையில் தெரியவே ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும்.

கூட்டிவரும் நாளில் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள், புது வீட்டில் அதற்குத் தெரிந்தது அந்த வாசனை ஒன்றுதான். உணவை உடனே மாற்ற வேண்டாம். பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றலாம். உறவினர் கூட்டத்தை மூன்று வாரமாவது தள்ளிப்போடுங்கள். மிரண்டு ஓடும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம். கழுத்துப்பட்டையைத் தலைவழியே உருவிக்கொண்டு பின்வாங்குவது நாய்களுக்கு ஒரு நொடி வேலை. மார்புப் பட்டையும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள்.

முடிவு சொல்வதற்கு முன் மகளோடு இன்னொரு முறை போய் வாருங்கள். வாசலில் வரவேற்புக் குதியாட்டம் முடிந்து, அது சலித்துப்போய்ப் படுக்கும்வரை உட்கார்ந்திருங்கள். அப்புறம், ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, இரண்டு வாரம் வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.