ஆறு ஊரில் நாலைக் கழியுங்கள்

வணக்கம் சார். கிருஷ்ணகிரி பக்கம் பர்கூர்க்காரன், வயது 26. மார்ச்சில் 12 நாள் தனியாக வியட்நாம் போகிறேன். ஹனோய், சா பா, ஹா லாங், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் என்று ஆறு ஊர் போட்டிருக்கிறேன். இடம் பார்ப்பதைவிட அங்குள்ளவர்களோடு பழகத்தான் ஆசை. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவேன், ஆங்கிலம் அரைகுறை. பாஷை தெரியாமல் நட்பு அமையுமா?

அன்புள்ள தம்பி,

அமையும். ஆனால் இந்தத் திட்டத்தில் அமையாது. ஆறு ஊருக்கும் ஓடினால் நாள் பாதி பஸ்ஸிலும் ரயிலிலும் கரைந்துவிடும். யாரையும் இரண்டாம் தடவை பார்க்கவே மாட்டீர்கள். ஹனோயும் ஹோய் ஆனும் போதும். ஹோய் ஆனில் குடும்பத்தோடு தங்கவைக்கும் வீடாகப் பாருங்கள், ராத்திரிச் சாப்பாடு அவர்களோடு என்று முன்பே பேசிவிடுங்கள்.

ஹனோயில் ஒரு நடைபாதைக் காபிக்கடையைப் பிடித்து, தினமும் அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். என்ன வயது, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார்கள். துருவுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அண்ணன், அக்கா, தம்பி என்று முறை வைத்துத்தான் அங்கே பேச்சே தொடங்கும். அதற்கு வயது தெரிந்தாக வேண்டும். நம் ஊரில் இல்லாததா? நீங்களும் திருப்பிக் கேளுங்கள். பையில் நாலு பாக்கெட் கடலை மிட்டாய் இருக்கட்டும். அங்கேயும் டீக்கடையில் அதே மாதிரி ஒன்றைக் கடிப்பார்கள், உடனே பேச்சு கிளம்பும்.

ஹனோயின் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை வண்டி விடமாட்டார்கள். ஆங்கிலம் பேசிப் பழக ஆள் தேடிக் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே வருவார்கள். அவர்கள் ஆங்கிலமும் அரைகுறைதான். உங்களுக்கு அதுதான் வசதி, சரளமாகப் பேசுகிறவரிடம் வரும் கூச்சம் இருக்காது.

மொழிபெயர்ப்புச் செயலி தமிழைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வியட்நாமிய மொழிக்குக் கொண்டுபோகும். "சாப்ட்டாச்சா" என்று கேட்டால் யார் சாப்பிட்டது என்று தெரியாமல் எதையோ சொல்லும். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று முழுசாக, சின்னதாகச் சொல்லுங்கள். முக்கியமான பேச்சென்றால், வந்ததைத் தமிழுக்குத் திருப்பிப் போட்டுச் சரிபாருங்கள். செயலியில் தமிழ், வியட்நாமிய மொழிக் கோப்புகள் இரண்டையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

அங்கே வாட்ஸ்அப் புழக்கம் குறைவு, ஸாலோ என்ற அவர்கள் ஊர்ச் செயலிதான். ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள், அங்கே போய் சிம் மாற்றிய பிறகு ஓடிபி வராமல் தவிக்க வேண்டாம். பாங்க் ஓடிபிக்காக நம் சிம்மில் வெளிநாட்டு ரோமிங்கும் இயங்கட்டும். இ-விசாவை அரசுத் தளத்திலேயே எடுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீலம், ராத்திரியில் பூஜ்யத்தை எண்ணிக் கொடுங்கள்.

வாடகை பைக் மட்டும் வேண்டாம். நம் ஆர்டிஓ தரும் சர்வதேச லைசென்ஸ் 1949 சர்வதேசச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்து லைசென்ஸை. விழுந்தால் பயணக் காப்பீடு கையை விரித்துவிடும். பழகிய ஆள் கூப்பிட்டால் பின்சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி.