பத்திரத்தில் சொன்ன பொய்க்குத் தண்டனை உண்டா?

கேள்வி: எங்கள் அப்பா 2019இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். மணப்பாறைப் பக்கம் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 2 ஏக்கர் 40 சென்ட் நிலத்துக்கு அம்மா, அண்ணன், நான் ஆகிய மூவரும் வாரிசுகள். என் பாகத்தைக் கேட்டு 2023இல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த நிலையில் 2025 பிப்ரவரியில் அண்ணன், தான் ஒருவனே வாரிசு என்றும் நிலத்தின் மேல் எந்த வழக்கும் இல்லை என்றும் எழுதி, முழு நிலத்தையும் வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கிரையம் செய்துவிட்டார். காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சார்பதிவாளர் முன்னால் பொய் சொல்லிப் பத்திரம் பதிந்தவருக்குத் தண்டனையே கிடையாதா?
— வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, கூடப் பிறந்தவரே உங்களை இல்லாதவராக்கி எழுதிய பத்திரத்தைப் படிப்பது எவ்வளவு வலித்திருக்கும் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. தண்டனை உண்டு. ஆனால் அந்தப் பொய் எந்த இடத்தில், யாரிடம், எந்தத் தாளில் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தே எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்பது முடிவாகும். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பிரிவுகளையும் அடுக்கி எழுதப்படும் புகார்கள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாவது வழக்கமாகிவிட்டதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பதிவுச் சட்டம், 1908இன் 82ஆம் பிரிவுதான் நீங்கள் கேட்பதற்கு நேரான பதில். அந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் எந்த நடவடிக்கையிலும் விசாரணையிலும், பதிவு அலுவலர் முன் வேண்டுமென்றே பொய்யான வாக்குமூலம் கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தியப் பிரமாணம் செய்து சொன்னாரா, சொன்னது எழுத்தில் பதிவானதா என்பதெல்லாம் பொருட்டல்ல என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆள்மாறாட்டம் செய்து பத்திரம் தாக்கல் செய்பவரும், இக்குற்றங்களுக்கு உடந்தையாக இருப்பவரும் அதே தண்டனைக்கு உரியவர்கள்.

ஆனால் சார்பதிவாளர் நடத்தும் விசாரணை எதைப் பற்றியது என்பதையும் பார்க்க வேண்டும். 34, 35ஆம் பிரிவுகளின்படி, பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பதே அவர் கேட்டறிய வேண்டியது. சொத்து யாருக்குப் பாத்தியம் என்று தீர்மானிப்பது அவர் வேலையல்ல. 2025 ஏப்ரலில் கே.கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்து, முன்பத்திரத்தின் அசலைக் காட்டச் சொன்ன, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதியின் முதல் பகுதியையே செல்லாததாக்கியது. உங்கள் அண்ணன் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு போய்க் கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே, பத்திர வாசகத்தில் பொய் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், வாரிசு குறித்தோ வழக்கு குறித்தோ சார்பதிவாளரிடம் அவர் தனியாக உறுதிமொழி கொடுத்தாரா, வாரிசுச் சான்று தாக்கல் செய்தாரா என்று பாருங்கள். அப்படி ஒரு தாள் இருந்தால் 82ஆம் பிரிவு வலுவாக நிற்கும்.

வாரிசுச் சான்றிலும் இரண்டு வகை உண்டு. தாசில்தார் கையெழுத்தையே போலியாகப் போட்ட தாள் என்றால் அது போலி ஆவணம். அதை உண்மையானதுபோலப் பயன்படுத்தியதும் குற்றம். உங்களையும் அம்மாவையும் மறைத்துத் தாசில்தாரிடம் வாங்கிய சான்று என்றால் தாள் உண்மையானது, தகவல்தான் பொய். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவில் வழக்குத் தொடர, தாசில்தாரோ அவருக்கு மேலுள்ள அதிகாரியோதான் எழுத்து மூலம் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். அதற்கான மனுவை அவரிடமே கொடுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசப்பாக இருக்கும். பிறர் சொத்தைத் தன் சொத்து என்று சொல்லி ஒருவர் தன் பெயரிலேயே கிரையம் எழுதிக் கொடுப்பது போலி ஆவணம் தயாரித்த குற்றமாகாது என்று முகமது இப்ராஹிம் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் 2009இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்னொருவராகவோ, இன்னொருவர் அதிகாரம் பெற்றவராகவோ நடித்தால்தான் அது போலி ஆவணம். ஏமாற்றுக் குற்றத்துக்கும் அந்தத் தீர்ப்பு ஒரு வரம்பு வைத்தது: இல்லாத உரிமையை நம்பிப் பணம் கொடுத்த கிரயதாரர்தான் ஏமாற்றப்பட்டவர், நிலத்தின் உண்மைச் சொந்தக்காரர் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்ல முடியாது. உங்கள் பாகத்தைப் பறிகொடுத்த நீங்கள் ஏமாற்றப்பட்டவர் இல்லையா என்று மனம் கேட்கும், அது நியாயமான கேள்விதான். ஆனால் இன்றுள்ள சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

எனவே அந்த வெளியூர்க்காரரை எதிரியாக மட்டும் நினைக்காதீர்கள். வழக்கு நடப்பதையும் வாரிசுகள் மூவர் என்பதையும் சொல்லி, வழக்கறிஞர் மூலம் அவருக்கு அறிவிப்பு அனுப்புங்கள். அவர் கையிலுள்ள பத்திரத்தில், “இச்சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்” என்ற வழக்கமான வாசகம் அநேகமாக இருக்கும். அதை நம்பிப் பணம் கொடுத்தவர் புகார் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவு, 7 ஆண்டுகள் வரையிலான தண்டனையோடு, பொருந்த வழியுண்டு. வழக்கு இருப்பது தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கியவர் என்றால் அந்தப் புகார் நிற்காது.

காவல் நிலையத்தில் சொன்ன காரணம் மட்டும் சரியல்ல. ஒரே செயல் சிவில் வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் இடம் தரலாம். காவல் நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அங்கும் பலனில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மாவட்டப் பதிவாளரிடமும் ஒரு மனுக் கொடுங்கள். பதிவுச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, பதிவு அலுவலரே குற்ற வழக்குத் தொடர வழி செய்கிறது. அவர் அனுமதி இல்லாமல் தனிநபர் வழக்குத் தொடரவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பத்திரத்தை ரத்து செய்யும்படி மாவட்டப் பதிவாளரிடம் கேட்டுக் காலத்தை வீணாக்காதீர்கள். அந்த அதிகாரத்தைக் கொடுத்த, பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு 2022இல் சேர்த்த 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்று அறிவித்தது.

குற்ற வழக்கில் அண்ணன் தண்டிக்கப்பட்டாலும் நிலம் தானாக உங்கள் பெயருக்கு வராது. அது பாக வழக்கில்தான் வரும். அங்கே உங்கள் நிலை பலமானது. மூன்றில் ஒரு பங்கான 80 சென்டுக்கு மேல் அண்ணனால் எதையும் விற்றிருக்க முடியாது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உங்கள் வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்படுத்துகிறது. அவரையும் வழக்கில் பிரதிவாதியாகச் சேர்த்து, மேற்கொண்டு விற்கத் தடையாணை கேளுங்கள். பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திடாததால் அதை ரத்து செய்யக் கோரத் தேவையில்லை. உங்கள் பாகத்தைப் பொறுத்தவரை அது செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கும்படி (விளம்புகை) கேட்டால் போதும்.

புகார் எழுதுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, அதன் பின்பக்கங்களைக் கவனமாகப் படியுங்கள். பத்திரத்தைத் தாக்கல் செய்தவர் யார், அடையாளம் காட்டியவர்கள் யார் என்பதெல்லாம் மேலெழுத்துகளாக அங்கேதான் இருக்கும். அடையாளம் காட்டிய இருவரும் உங்கள் அண்ணனை அண்ணன் என்றுதான் காட்டியிருப்பார்கள். அது உண்மையே, ஆகவே அவர்களை எதிரிகளாகச் சேர்க்க அவசரப்பட வேண்டாம். ஆனால் உங்கள் அம்மாவின் பெயரும் விரல் ரேகையும் அந்தத் தாள்களில் எங்காவது இருந்தால், முதலில் அம்மாவை உட்காரவைத்து, அவர் எங்கே போனார், எதில் ரேகை வைத்தார் என்று கேளுங்கள். அவர் போகவே இல்லை என்றால் இது ஆள்மாறாட்டம்; நான் மேலே போலி ஆவணம் குறித்துச் சொன்ன பதில் அப்போது முழுவதுமாக மாறிவிடும்.