கோழி மேயும் புல்தரைக்கு உரமும் மருந்தும் போடலாமா?

கேள்வி இதுதான்: பின்புறத்தில் ஐந்து பெட்டைக்கோழிகள் திறந்தபடி மேய்கின்றன. உரமும் களைக்கொல்லியும் கலந்த குருணை ஒரு பை வாங்கியாயிற்று. ‘காய்ந்த பிறகு செல்லப்பிராணிகளை விடலாம்’ என்று பையில் போட்டிருக்கிறது. ஒரு நாள் அடைத்து வைத்தால் போதுமா?

போதாது. பையை இன்னும் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பையில் இருக்கும் வரி பொய் இல்லை. ஆனால் அது நாயையும் பூனையையும் மனதில் வைத்து எழுதியது. நாய் புல்மேல் நடக்கும், புரளும், பாதத்தை நக்கும். கோழியோ அந்தப் புல்லையே தின்னும். வேரடி மண்ணைச் சீய்த்து மண்புழுவைப் பொறுக்கும். புழுதியை அள்ளி இறகுக்குள் போட்டுக் குளிக்கும், பிறகு ஒவ்வொரு இறகாக அலகால் கோதும். அது இடும் முட்டையை நாம் சாப்பிடுகிறோம். அதனால் ‘எப்போது காயும்’ என்று கேட்டால் போதாது, ‘இது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்’ என்று கேட்க வேண்டும்.

குருணை என்றாலே எனக்குப் பயம். கோழிக்குப் பல் கிடையாது. தின்றதை அரைக்கச் சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்ளும். உரக் குருணை அதன் கண்ணுக்குக் கல் மாதிரியும் இருக்கும், தானியம் மாதிரியும் இருக்கும். சில வருடங்களுக்கு முன் நான் வெறும் உரம்தான் போட்டேன், மருந்து எதுவும் கலக்கவில்லை. தண்ணீரும் நன்றாகவே பாய்ச்சினேன். ஆனால் மூட்டையைச் சாய்த்து வைத்த சுவரோரம் ஒரு கைப்பிடி சிந்தியிருந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் செவலைப் பெட்டை இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தட்டை விட்டு நகராமல் நின்றது. ஓயாமல் குடித்தது, தண்ணியாகக் கழிந்தது. விடியும்போது இறந்துவிட்டது. மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது தீனிப்பையில் அதே குருணை. முழுத் தரையையும் பத்திரமாகச் செய்துவிட்டு ஒரு கைப்பிடியில் அவளை இழந்தேன். இன்றைக்கும் அந்தச் சுவரோரத்தைப் பார்க்காமல் நான் கதவைத் திறப்பதில்லை.

உரமே இப்படி என்றால் பூச்சிக்கொல்லிக் குருணையை யோசித்துப் பாருங்கள். வேர்ப்புழுவுக்கும் எறும்புக்கும் போடும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. பறவைகள் அவற்றுக்குத் துளியும் தாங்காது. டயசினான் என்ற மருந்தை அமெரிக்காவில் 1980களின் கடைசியில் கோல்ஃப் மைதானங்களிலும் புல் பண்ணைகளிலும் போடக்கூடாது என்று நிறுத்தினார்கள். அந்தப் புல்லை மேய்ந்த வாத்து இனப் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். கோழி மேயும் இடத்தில் இந்த வகை எதையும் போடாதீர்கள், எத்தனை நாள் அடைத்து வைத்தாலும் சரி.

கோழி சாகவில்லை, அதனால் பரவாயில்லை என்றும் விட முடியாது. 2017இல் ஐரோப்பாவில் கோடிக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வந்தது. கோழிப்பண்ணைகளில் சிவப்புச் செள்ளுக்கு அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது, அது முட்டைக்குள் போய்விட்டது. கோழிகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. வீட்டில் எறும்புக்கும் கறையானுக்கும் விற்கும் மருந்துகள் பலவற்றில் இருப்பதும் இதே ஃபிப்ரோனில்தான். கொழுப்பில் கரையும் மருந்து மஞ்சள் கருவில் போய்ச் சேரும். ஒரு மஞ்சள் கரு வளர்ந்து முடிய ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதனால் கோழி இன்று தின்ற மருந்து அடுத்த வார முட்டையிலும் இருக்கலாம்.

களைக்கொல்லித் தெளிப்பு இந்த அளவுக்கு உடனடி ஆபத்து இல்லை. 2,4-டி, கிளைபோசேட் போன்றவை அளவாகத் தெளித்தால் கோழியை அன்றே வீழ்த்துபவை அல்ல. ஆனாலும் தெளித்த புல்லை அது தின்னத்தான் போகிறது. மேய்ச்சல் நிலத்துக்கென்று விற்கும் மருந்தாக இருந்தால் எத்தனை நாள் மேய விடக்கூடாது என்று லேபிளில் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் நான் வைத்திருக்கும் கணக்கு: தெளித்த பிறகு இரண்டு முறை புல் வெட்டி, வெட்டியதை அள்ளி எடுத்த பிறகுதான் திறப்பேன். அள்ளிய புல்லைக் கூட்டுக்குள் படுக்கையாகப் போடாதீர்கள், கம்போஸ்ட் குழியிலும் வேண்டாம். குளோபிராலிட், அமினோபைராலிட் மாதிரி சில களைக்கொல்லிகள் கம்போஸ்டிலும் எருவிலும் மாதக்கணக்கில் அழியாமல் இருந்து, பிறகு தக்காளிச் செடியையும் அவரையையும் சுருட்டிவிடும்.

இயற்கை என்று போட்டிருந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஆமணக்குப் பிண்ணாக்கில் ரைசின் என்ற கடும் விஷம் இருக்கலாம். நீற்றிய சுண்ணாம்பு காலையும் கண்ணையும் பொசுக்கும், அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் அப்படிச் செய்யாது. பாசிக்குப் போடும் இரும்பு சல்பேட்டை விழுங்கினால் நஞ்சு. நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு உருண்டை இயற்கையானது இல்லை, அதுவும் கடும் நஞ்சு. பிரிட்டனில் 2022 முதல் அதை வெளியிடங்களில் வைக்கவே தடை.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? நான் இப்போது மருந்து எதுவும் போடுவதில்லை. வெட்டும் கத்தியை உயர்த்தி 7, 8 செ.மீ. உயரத்துக்குப் புல்லை விடுகிறேன். அந்த நிழலிலேயே பாதிக் களை முளைக்காமல் போகிறது. அடிக்கடி வெட்டுவதால் துண்டுகள் சின்னதாக விழுகின்றன, அவற்றை அப்படியே தரையில் விட்டுவிடலாம். நீளமாக வெட்டிய புல்லை மட்டும் விடாதீர்கள், தீனிப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். நன்றாக மட்கிய கம்போஸ்டைச் சலித்து ஒரு விரல் பருமனுக்கும் குறைவாகத் தூவுகிறேன். வேர்ப்புழு இருக்கும் இடத்தைக் கோழிகளிடமே விட்டுவிடுகிறேன், எந்த மருந்தும் அவ்வளவு ஆசையாக வேலை செய்யாது! அவை மொட்டையாக்கும் இடத்தை வலையால் அடைத்து, புது விதை போட்டு, தளிர் கெட்டிப்படும் வரை காப்பாற்ற வேண்டும். இடத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டால் இன்னும் நல்லது.

உரம் போட்டே ஆக வேண்டும் என்றால் களைக்கொல்லி கலக்காததாக வாங்குங்கள். கோழிகளை அடைத்து, தீனியையும் தண்ணீரையும் மூடி, காற்றில்லாத நேரத்தில் போட்டு, நனைய நனையத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் முட்டி போட்டுப் புல்லை விலக்கிப் பாருங்கள். ஒரு குருணை கண்ணில் பட்டாலும் மறுபடி தண்ணீர், மறுபடி அடைப்பு. பக்கத்து வீட்டில் மருந்து அடிப்பவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். சாரல் வேலி தாண்டி வரும்.

எப்போதாவது ஒரு கோழி வாயில் நீர் வடிய, கால் தள்ளாட, நடுங்கிக்கொண்டு நின்றால் காத்திருக்காதீர்கள். மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஆர்கனோபாஸ்பேட் என்று உடனே தெரிந்தால் அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதுவரை மற்றக் கோழிகளை அடைத்துவிட்டு, அன்றைய முட்டைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டு வாருங்கள்.